முதற்பனியில் ஒரு ரிங்

சனிக்கிழமை பிற்பகல் மூன்று இருபதுக்கு என் கைபேசி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை.

மகள் தன் சிநேகிதியுடன் ஸ்கொட்லாந்து மலைக்குப் போயிருந்தாள். அந்நேரத்துக்குள் இறங்கி, கார் நிறுத்திய இடத்துக்கு வந்ததும் ஒரு ரிங் தருவதாகச் சொல்லியிருந்தாள். தொலைபேசிக்கு அட்டை வாங்கிப் பேசிய காலத்தில் எங்கள் வீடுகளில் வந்த பழக்கம் அது. போய்ச் சேர்ந்ததும் ஒரு தரம் அடித்துவிட்டு வெட்டுவது. மற்றவர் எடுக்கக்கூடாது, எடுத்தால் அட்டையில் காசு போய்விடும். பல்கலைக்கழகம் போன நாளிலிருந்து அவளும் அப்படித்தான்.

அந்த வாரம் முழுக்கக் காலைத் தேநீரோடு மலைப்பனி அறிக்கையை வாசித்தேன். பருவத்தின் முதல் பனி வெறும் புல்லில் மெல்லிதாக விழுந்திருந்தது. காற்று அதை வாரிப் பள்ளங்களில் குவித்திருந்தது. அடியில் ஒட்டாமல் கிடக்கிறது, ஆள் மிதித்தாலே சரியும் என்று எழுதியிருந்தார்கள். அவளுக்கு அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

நான்கரைக்கு இருட்டிவிட்டது. அவளுக்கு எடுத்தேன், கைபேசி அணைந்திருந்தது. பக்கத்தில் நோர்பரியில் இருக்கும் அக்காவுக்குச் சொன்னேன். இடியப்பமும் சொதியுமாக வந்தார். அவருக்குப் பின்னால் தெரிந்த இரண்டு குடும்பங்கள் வந்தன. செத்தவீட்டுக்கு வந்தவர்கள்போல் சப்பாத்துகளைச் சத்தமில்லாமல் கழற்றினார்கள். மனைவி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆறு மணியளவில் கைபேசி ஒரு தரம் அடித்து நின்றது. தெரியாத எண். திருப்பி எடுத்தேன், தொடர்பு கிடைக்கவில்லை.

“அவள்தான் தம்பி. வேற ஆர் ஒரு ரிங்கோட வெட்டுவினம்?” என்றார் அக்கா.

“கடன் அட்டை விக்கிறவையும் வெட்டுவினம்.”

அவளேதான். தன் கைபேசி குளிரில் செத்துப்போக, சிநேகிதியின் கைபேசியில் அடித்துப் பழக்கத்தில் வெட்டிவிட்டு, சிக்னல் இல்லாத விடுதியொன்றில் தங்கியிருக்கிறாள். அது எங்களுக்கு மறுநாள்தான் தெரியும். இத்தனை வருடமும் ஒரு ரிங் போதும் என்றிருந்த எனக்கு அன்றைக்கு அவள் குரல் வேண்டியிருந்தது. சண்டை பிடித்தாலும் பரவாயில்லை, பேசினால் போதும். இப்போதும் கைபேசி ஒரு தரம் அடித்து நின்றால் உடனே திருப்பி எடுக்கிறேன்.

ஞாயிறு பின்னேரம் கதவு திறந்தது. மகள். தாய் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். நான் எழும்பவில்லை. அவள் வந்து என் பக்கத்தில் இருந்தாள்.

“பாதியில திரும்பிட்டம் அப்பா. காலுக்குக் கீழ தொம் எண்டொரு சத்தம். பனி அப்பிடியே ஒருக்காத் தாழ்ந்துது. சரிவை விட்டுச் சுத்தி இறங்க இருட்டிட்டுது.”

நான் அவள் கையைப் பிடித்திருந்தேன்.

“பனி இறுகட்டும்,” என்றாள். “ஜனவரியில திரும்பவும் போவம்.”