சிவப்பில் பழையது, நீலத்தில் புதியது

மலர்க்கொடி அக்காவைப் பார்த்து நான் பொறாமைப்பட ஆரம்பித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. வழக்கறிஞராகப் பதிவு செய்த இரண்டாவது வாரம். நான் எழுதிய ஜாமீன் மனுவை என் சீனியர் ஞானசேகரன் சார் பாதிகூடப் படிக்கவில்லை. "எதுக்கும் மலர்கிட்ட ஒரு தடவ காட்டிடும்மா பெலிசியா" என்று திருப்பிக் கொடுத்தார்.

மலர்க்கொடி வக்கீல் இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் நீதிமன்றத்துக்கு எதிரே டைப்பிங் கடை வைத்திருப்பவர். பத்தாம் வகுப்பு வரை படித்தவர்.

என் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பா குடிகாட்டில் கெமிக்கல் கம்பெனிகளுக்கு மூட்டை ஏற்றி இறக்கிய கூலிக்காரர். அண்ணாமலை நகரில் விடுதியில் தங்கி ஐந்து வருடம் சட்டம் படித்தேன். என் முதல் பட்டதாரிச் சான்றிதழை அம்மா லேமினேட் செய்து மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். அப்படிப் படித்துவிட்டு வந்து ஒரு டைப்பிஸ்டிடம் மனுவைக் காட்டித் திருத்த வேண்டுமா என்று அன்று முழுக்கக் குமைந்தேன்.

அக்காவுக்குச் சொந்த ஊர் புவனகிரி. பத்தோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். டைப்பிங்கில் லோயர் பாஸ் செய்ததும் சிதம்பரம் கோர்ட் பக்கம் ஒரு கடையில் சேர்ந்தார். பிறகு கடலூரில் தனிக் கடை. பதினெட்டு வருடமாகத் தினமும் புவனகிரியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறார். அடிதடி வழக்கு என்றால் 294(பி), 323, 506(2) என்று மூன்று பிரிவுகளையும் அவர் விரல்கள் தாமாகவே தட்டிவிடும். நான் தேர்வுக்கு முந்தைய நாள் மனப்பாடம் செய்து, எழுதி முடித்த மறுநாள் மறந்துபோன பிரிவுகள்.

2024 ஜூலை முதல் தேதி புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபோது எனக்குள் ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது. பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. அக்காவின் பதினெட்டு வருட ஞாபகம் ஒரே காலையில் உதவாமல் போகும். இனி அவரும் நானும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். என்னிடம் பட்டம் இருக்கிறது.

அன்று காலை அவர் கடைக்குப் போனேன். சுவரில் பெரிய அட்டவணை ஒட்டியிருந்தது. பழைய பிரிவுகள் சிவப்பில், எதிரே புதியவை நீலத்தில். சட்டம் நிறைவேறிய டிசம்பரிலேயே புத்தகம் வாங்கி, பஸ்ஸில் உட்கார்ந்து எழுதியதாம். என்னைப் போன்ற ஜூனியர் வக்கீல்கள் வரிசையாக நின்றார்கள்.

"அக்கா, 506(2) என்னா ஆச்சு?"

"351(3). சம்பவம் என்னைக்கு நடந்துச்சு, அதச் சொல்லு மொதல்ல." திரையிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை.

அவர் பிரிண்டர் பக்கம் திரும்பிய நேரத்தில் அட்டவணையை போனில் படம் பிடித்துக்கொண்டேன். இதை என்னால் கேட்டு வாங்கியிருக்க முடியும். கேட்க வாய் வரவில்லை.

மறுநாளே எனக்கென்று முதல் வழக்கு வந்தது. கட்சிக்காரர், என் கூடப்பிறந்த அக்கா ஆரோக்கிய ராணியின் கணவர், டேவிட் ராஜ் மாமா. ஜூன் இருபத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை, ஷிப்ட் முடிந்து வரும்போது சைக்கிள் ஸ்டாண்டில் ஒருவனை அறைந்து, கொன்றுவிடுவேன் என்று கத்தியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை போலீஸ் வழக்குப் பதிந்தது. மாமா கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. கைதானால் கேட் பாஸை ரத்து செய்துவிடுவார்கள். அப்புறம் அந்தப் பக்கம் எந்தக் கம்பெனியும் சேர்க்காது. அண்ணாமலை நகரில் நண்பரின் லாட்ஜ் அறையில் ஒளிந்துகொண்டு போன் செய்தார்.

"பெலிசியா, வெள்ளிக்கெழமக்குள்ள முன்ஜாமீன் வாங்கிடுவியா? சனி ஞாயிறுல வூட்டுல வந்து தூக்கிடுவாங்களாம்."

"நான் இருக்கேன்ல மாமா."

"சீனியர வச்சுக்கலாமா?"

"வேணாம். நானே பாத்துக்குறேன்."

மலர் அக்கா கடைப் பக்கமே போகவில்லை. வீட்டில் லேப்டாப்பில் நானே தட்டினேன். போனில் இருந்த படத்தைப் பார்த்து ஒவ்வொரு பழைய பிரிவையும் புதியதாக மாற்றினேன். முதல் தகவல் அறிக்கையில் போலீஸ் பழைய எண்களையே போட்டிருந்தது. புதுச் சட்டம் வந்தது இவர்களுக்கு இன்னும் பழகவில்லை என்று சிரித்துக்கொண்டேன். புதன்கிழமை இ-ஃபைலிங் செய்தேன்.

வியாழன் மதியம் மனு ரிட்டர்ன் ஆனது. முதல் தகவல் அறிக்கையின் பிரிவுகளும் மனுவின் பிரிவுகளும் ஒத்துப்போகவில்லை என்று காரணம். இரண்டு முறை படித்தும் தவறு யாருடையது என்று எனக்குப் புரியவில்லை. சீனியர் சிதம்பரம் கோர்ட்டுக்குப் போயிருந்தார். போவதற்கு ஒரே இடம்தான் இருந்தது.

மலர் அக்கா பிரிண்ட்டை வாங்கினார். "சம்பவம் என்னைக்கு மேடம்?"

"இருபத்தொம்பது. ஜூன்."

"அப்ப குத்தம் பழைய சட்டத்துலதான இருக்கும்? போலீஸ்காரன் சரியாத்தான் போட்டுருக்கான். மனு நம்ம ஜூலையில போடுறோம், அதனால முன்ஜாமீன் கேக்குற பிரிவு மட்டும் புதுச் சட்டத்துல. நீங்க எல்லாத்தையும் மாத்திட்டீங்க." ஒரு நிமிடம் தட்டிவிட்டு, "சார்ட்டுல இதெல்லாம் எழுதல மேடம். எடம் பத்தல" என்றார்.

தெரியாததுபோலக் கேட்டேன். "எந்த சார்ட்டுக்கா?"

"நீங்க போட்டோ எடுத்ததுதான். பிரிண்டர் கண்ணாடியில உங்க கை தெரிஞ்சுது. கேட்டிருந்தா ஜெராக்ஸே போட்டுக் குடுத்துருப்பேன்."

பின்னால் நின்ற ஜூனியர் இளவரசு களுக்கென்று சிரித்தான். அக்கா சம்பவத் தேதியை இன்னொரு முறை என்னைச் சொல்லவைத்து, மனுவைத் திருத்தி, மாலைக்குள் மறுபடி அனுப்பிவைத்தார். ஆனாலும் வெள்ளிக்கிழமைப் பட்டியலில் ஏறவில்லை. விசாரணை திங்கட்கிழமைக்குப் போனது.

சனிக்கிழமை காலை போலீஸ் ஆரோக்கிய ராணி வீட்டுக்கு வந்தது. அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். அவள் போனில் அழுதாள். "வெள்ளிக்கெழம வாங்கிடுவேன்னு சொன்னியேடி?" எனக்குப் பதில் தெரியும். கோர்ட்டில் கூட்டம் ஜாஸ்தி என்றேன்.

அந்த இரண்டு நாளும் நான் மாமாவை நினைத்ததைவிட மலர்க்கொடியை நினைத்ததுதான் அதிகம். அவரிடம் இல்லாத எது என்னிடம் இருக்கிறது என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டேன். அங்கி இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு நிற்கிற உரிமை இருக்கிறது. நான் நிற்கும்போது சொல்ல வேண்டியதைச் சரியாக எழுதிக் கொடுக்கத் தெரிந்தவர் எதிர்க்கடையில் உட்கார்ந்திருக்கிறார். சில நேரம் அவர் எங்கேயாவது ஒரு எண்ணைத் தப்பாக அடித்து மாட்ட வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டேன். அப்படி அடித்தால் அது என் மாமா மனுவாக இருக்கக் கூடாது என்றும் சேர்த்து நினைத்தேன்.

திங்கட்கிழமை முன்ஜாமீன் கிடைத்தது. நீதிபதி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி; சம்பவத் தேதி. தடுமாறாமல் பதில் சொன்னேன். நிபந்தனை, பதினைந்து நாள் காலை பத்தரைக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து.

கடைக்குப் போனேன். "ஆச்சா மேடம்?" என்றார் மலர் அக்கா.

"ஆச்சுக்கா."

"ஒரு நாளுகூட உடாம கையெழுத்துப் போடச் சொல்லுங்க. உட்டா ரத்து பண்ணச் சொல்லி மனு போட்டுடுவாங்க."

அதை நானே மாமாவிடம் சொல்வதாக இருந்தேன். வெளியே வந்து போன் செய்து, மலர் அக்கா சொன்னதை அப்படியே என் அறிவுரையாகச் சொன்னேன்.

"நீ மட்டும் வக்கீலுக்குப் படிக்கலன்னா என் கதி என்னா ஆயிருக்கும்!" என்றார் மாமா.

"சரி மாமா, மொதல்ல வூட்டுக்குப் போங்க" என்று வைத்துவிட்டேன்.

கையில் ஞானசேகரன் சார் கொடுத்த இன்னொரு மனு இருந்தது. மறுபடி உள்ளே போனேன். எனக்கு முன்னால் நான்கு பேர் நின்றார்கள். இளவரசு கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தான்.