சனிக்கிழமை பார்த்த இரும்பாலை

ஒரு மாட்டைப் பார்த்தால் அதன் பாட்டன் குணம் வரை சொல்லிவிடுவேன் என்று வடுகபட்டியில் எனக்கு ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரைக் கிளப்பிவிட்டவனும் நான்தான். நான் சுழி பார்த்து வாங்கின காளைகளில் ஒன்று உழவில் படுத்துக்கொள்ளும். இன்னொன்று படுக்காது, என்னைப் படுக்க வைக்கும். ஆனாலும் ஊரில் எவன் எதை வாங்கப் போனாலும் முன்னால் போய் நிற்கிற வழக்கத்தை நான் விட்டதில்லை.

மலைமேலே வெள்ளைக்காரன் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. நானும் என் பெண்டாட்டியின் அண்ணனும் கூட்டாகக் கரும்பு போட்டிருந்தோம். கரும்பு முற்றி நிற்கிற நேரம் பார்த்து கரும்பு ஆட்டுகிற எங்கள் மர ஆலையின் உருளை நெடுகப் பிளந்துபோனது. ஊரில் இருந்த மற்ற ஆலைகள் அவரவர் கரும்புக்கே போதாமல் ஓடிக்கொண்டிருந்தன. தோட்டத்தில் அங்கங்கே பூ எடுக்க ஆரம்பித்துவிட்டது. பூத்துப்போன கரும்பை ஆட்டினால் வெல்லம் திரளாது. நாலைந்து நாளில் ஆட்டியாக வேண்டும். தவறினால் ஒரு வருஷத்துப் பாடு மண்தான்.

ஜெயமங்கலத்தில் ஒருத்தர் இரண்டு வருஷம் ஓட்டின இரும்பாலையை விற்கிறாராம் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் சேதி வந்தது.

"விடிஞ்சதும் போயிருவோம் மாப்ள" என்றார் மச்சான்.

"நாளைக்குச் சனிக்கிழமை மச்சான். இரும்பு வாங்கப்பிடாது. குச்சனூர்ச் சனீசுவரன வண்டியில ஏத்தி வீட்டுக்குக் கூட்டியாந்த மாதிரி ஆயிரும்."

"அப்ப ஞாயித்துக்கிழமை போவோம்."

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. "பாக்கிறது சனிக்கிழமை, வாங்குறது ஞாயித்துக்கிழமை. நாளைக்கு எவனும் இரும்பு வாங்க வரமாட்டான். ஆற அமரப் பாத்துட்டு, மறுநா வெள்ளென மொத ஆளாப் போய் நிப்போம்" என்றேன். மச்சான் ஒரு மந்திரியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். அவர் என்னை அப்படிப் பார்த்தது அதுதான் கடைசி.

ஆலை களத்து ஓரத்தில் நின்றது. நிமிர்ந்து நிற்கிற மூன்று இரும்பு உருளைகள், தலையில் பல்சக்கரங்கள், அதற்கு மேலே மாடு கட்டிச் சுற்ற ஒரு நீளத் தடி. நான் அதுவரைக்கும் ஒரு இரும்பாலையைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. அதை வெளியே சொன்னால் என் மரியாதை என்ன ஆவது? துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மாட்டைச் சுற்றுவதுபோல ஒரு சுற்று சுற்றினேன். தள்ளி நின்று காலைப் பார்த்தேன். விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்தேன். 'ணங்' என்றது. இரும்பைத் தட்டினால் வேறென்ன சொல்லும்? ஆனாலும் எல்லாம் விளங்கினவன் மாதிரி தலையாட்டிக்கொண்டேன். மோந்து பார்த்தேன். அடிவயிற்றைத் தடவியும் கொடுத்தேன்.

வெற்றிலை மென்றபடி பார்த்துக்கொண்டிருந்த ஆலைக்காரர், "வாலைத் தூக்கிப் பாக்கலையே" என்றார்.

மச்சான் முகம் சுண்டிவிட்டது. "ரெண்டு கரும்ப விட்டுப் பாப்பமா மாப்ள?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கரும்பு விட்டா வாங்கின மாதிரிதான். இன்னைக்கு வேண்டாம்" என்று அடக்கினேன்.

பிறகு சக்கரத்துப் பற்களை எண்ணினேன். ஒன்றின் முனை உடைந்திருந்தது. "பல்லு போயிருச்சே!" என்று களத்தில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கக் கத்தினேன். என் ஆயுசில் நான் சரியாகக் கண்டுபிடித்த ஒரே கோளாறு அது.

அந்த நேரத்தில் மாதா கோயிலைச் சேர்ந்த ஒரு வேதக்காரர் வந்தார். கழுத்தில் செபமாலை, கக்கத்தில் நாலு கரும்பு, கையில் ஒரு சோடி மாடு. அவர் ஆலையைச் சுற்றவும் இல்லை, தட்டவும் இல்லை. மாட்டைத் தடியில் பூட்டினார், கரும்பைச் சொருகினார். மறுபக்கம் வந்த சக்கையை எடுத்துத் துணி பிழிவதுபோல முறுக்கினார். ஒரு சொட்டு விழவில்லை. உடைந்த பல் வருகிற இடத்தில் மட்டும் ஆலை ஒரு விக்கல் விக்கியது.

"பல்லு போயிருக்குன்னு இந்த அய்யா சொன்னாகள்ல? அதுக்குக் கொறைச்சுக்கிடுங்க" என்று என்னைக் காட்டி ஆலைக்காரரிடம் சொன்னார். இருவர் கையும் துண்டுக்குள் போனது. உள்ளே விரல்கள் விலை பேச ஆரம்பித்தன.

எனக்குப் பதறிவிட்டது. "அண்ணே, இன்னைக்குச் சனிக்கிழமை! நாளைக்கு வாங்கிக்கிடலாமே?"

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைங்க" என்றார் வேதக்காரர். "பூசைக்குப் போகணும். யாவாரம் ஆகாது."

ஆலைக்காரரைப் பார்த்தேன். "நீங்களாச்சும் சொல்லுங்க. சனிக்கிழமை இரும்ப விக்கலாமா?"

"வாங்கத்தான் ஆகாது" என்றார் அவர். "சனிக்கிழமை இரும்பு வீட்ட விட்டுப் போனா எனக்கு நல்லதுதான?"

ஆலையை வண்டியில் ஏற்ற ஒரு ஆள் குறைந்தது. அந்த ஆளும் நானே ஆனேன்.

திரும்பி வரும்போது மச்சான் எனக்குப் பத்தடி முன்னால் நடந்தார். ஆற்றைத் தாண்டும்போது திரும்பி ஒரு வார்த்தை சொன்னார்: "நீ அதச் சுத்தின சுத்துக்கு, தடியில உன்னப் பூட்டியிருந்தா ஒரு கட்டுக் கரும்பு ஆடியிருக்கும்."

வேதக்காரர் தன் கரும்பு முடிந்ததும், இரண்டு வாரம் கழித்து, ஆலையை எங்களுக்கு இரவல் கொடுத்தார். கேட்கப் போனவர் மச்சான்; என்னைக் கூட்டிப்போகவில்லை. எடுத்துப்போகச் சொன்ன நாளும் சனிக்கிழமைதான். நான் போய் வண்டியைப் பூட்டினேன். அதற்குள் தோட்டம் முழுக்க வெள்ளை வெளேரென்று பூத்துவிட்டது. காய்ச்சக் காய்ச்சப் பாகு கறுத்ததே தவிரத் திரளவில்லை.

என் பங்கை ஒரு பானையில் ஊற்றி என் பெண்டாட்டியிடம் கொடுத்தனுப்பியிருந்தார் மச்சான். அவள் பானையை என் முன்னால் வைத்தாள். "'நல்லாத் தட்டிப் பாத்து வாங்கிக்கிடச் சொல்லு'ன்னு அண்ணன் சொன்னாக" என்றாள்.

பழக்கதோஷம், தட்டினேன். விரல் முட்டி வரைக்கும் பாகுக்குள்ளே போனது.