புளிக்காரர் குரல்

சித்தப்பாவின் குரலை நான் கடைசியாகக் கேட்டது வேடிக்கைச் சத்தங்களைச் சேர்த்துவைத்த ஒரு கைப்பேசிச் செயலியில்தான். திரையில் மஞ்சள் நிறத்தில் ஒரு பொத்தான். தொட்டால், "புளியேய்... மலப்புளி... கொட்ட எடுத்த புளியேய்..." என்று அவர் இழுத்துக் கூவுவார். முடிந்த உடனே ஒரு கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். அந்தச் சிரிப்பை அங்கே கொண்டுபோய் ஒட்டியவன் கை விளங்காமல் போகட்டும் என்றுதான் எனக்கு இன்றும் தோன்றுகிறது.

கல்வராயன் மலையில் புளி வாங்கி, மொபெட்டில் கட்டி, நைனார்பாளையம் சுற்றுவட்டாரத்தில் விற்றவர் அவர். தொண்டை தாங்காததால் தன் குரலைத் தானே ஒலிபெருக்கியில் பதிந்து ஓடவிட்டிருந்தார். எவனோ அதைத் தெருவில் படம்பிடித்து இணையத்தில் போட, செயலிக்காரன் குரலை மட்டும் உருவிக்கொண்டான். அதன் பிறகு அவர் தெருவுக்குள் நுழைந்தாலே பிள்ளைகள் சிரித்தார்கள். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு புளி வாங்கினார்கள். மனிதர் கூனிக் குறுகிப்போனார்.

தெரு வியாபாரிகளுக்குள் ஒரு முறை உண்டு. ஒருவர் வாடிக்கையாகப் போகும் தெருவில் இன்னொருவர் கேட்காமல் அதே சரக்கைக் கூவ மாட்டார். "எந்தெருவுல கூவ வர்றவனே ஒரு வார்த்த கேட்டுக்கினுதான் வரான். எங்கொரல எடுத்தவன் என்னக் கேக்க வாணாமாடா?" என்றார் என்னிடம். சென்னையில் செயலி தயாரிக்கும் கம்பெனியில் எனக்கு வேலை. அடுத்தவர் எடுத்த ஒரு சின்னப் படத்தைச் சேர்ப்பதானாலும் அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கியாக வேண்டும் அங்கே. படம் போட்டவனுக்கும் செயலிக்காரனுக்கும் புகார் அனுப்பினேன். படம் போட்டவன் பயந்து நீக்கிவிட்டான். செயலிக்காரன் மட்டும், குரலுக்கு உரியவரின் கையெழுத்து வேண்டும் என்றான். அதை வாங்க நான் ஊருக்குக் கிளம்புவதற்குள் சித்தப்பா மாரடைப்பில் போய்விட்டார்.

கருமாதி முடிந்ததும் மொபெட்டையும் ஒலிபெருக்கியையும் வாங்க மணலூர்பேட்டையிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். முறை தெரிந்தவர். "அண்ணன் கொரலயே வெச்சிக்கட்டுங்களா அக்கா?" என்று கேட்டார்.

"வாணாம்பா. அவரக் கேட்டுச் சிரிச்சது போதும். அழிச்சிட்டு உங்கொரலப் போட்டுக்க" என்றாள் சித்தி.

அவர் வாசலில் நின்றே அதை அழித்து, தன் குரலைப் பதிந்துகொண்டு போனார். வேறு பிரதி இல்லை என்பது அந்த நேரத்தில் எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

போன மாதம் புகார்த் தாளுடன் சித்தியிடம் போனேன். வாரிசாக அவள் கையெழுத்துப் போட்டால் போதும், செயலியிலிருந்தும் குரலை எடுத்துவிடுவார்கள் என்றேன். நிம்மதிப்படுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் தாளை மடித்து என் கையிலேயே திருப்பித் தந்தாள்.

"எடுத்துட்டா நான் எங்கடா போயி கேப்பேன்?"

பிறகு தன் கைப்பேசியை எடுத்து மஞ்சள் பொத்தானைத் தொட்டாள். சித்தப்பா கூவினார். சித்தி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் இழுத்து முடிக்கும் இடத்தில், சிரிப்பு கிளம்புவதற்குள், சரியாக நிறுத்தினாள்.