மலையேறாத சாமி

காவாந்தண்டலத்துச் சசிரேகா எந்த வேலைக்கும் அஞ்சாதவள். விடியலில் மாடு கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுவாள். வெயில் ஏறும்வரை வேர்க்கடலைக் கொல்லையில் களையெடுப்பாள். அப்படிப்பட்டவளை நடுங்க வைக்கிற ஒலி இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். பம்பைச் சத்தம். ஆடியில் ஊரே கூழ் வார்க்கக் கோயிலுக்கு ஓடும்போது, மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்று கொட்டகைக்குள் போய்க் காதைப் பொத்திக்கொள்வாள்.

காரணம், அவளைப் பெற்ற கோவிந்தம்மாள். சசிரேகா பாவாடை கட்டிய வயதில், பிறந்த ஊர்த் திருவிழாவில் பம்பை முழங்க, தாய்மேல் அம்மன் வந்தாள். ஆடி ஓய்ந்ததும் கற்பூரம் ஏற்றி, மலையேறு தாயே என்று சாமியை வழியனுப்ப வேண்டும். அன்று பார்த்து மழை கொட்டியது. கற்பூரம் பற்றவில்லை, கூட்டம் கலைந்து ஓடியது. அதற்குப் பிறகு கோவிந்தம்மாள் மகளைக்கூட அடையாளம் தெரியாமல், தலைவிரி கோலமாய், சாகும்வரை ஓர் அறையில் முனகிக்கொண்டே கிடந்தாள். சாமி மலையேறவில்லை என்றது ஊர். தாய் ஜுரத்தில் போய்விட்டாள் என்று சொல்லித்தான் மாமன் சசிரேகாவைக் கட்டிக்கொடுத்தார். கணவனுக்கும் மகளுக்கும் இன்றுவரை அந்த ஜுரம்தான் தெரியும்.

இப்போது மகள் இளவரசிக்குத் திருப்புலிவனத்தில் இடம் அமைந்திருந்தது. ஆவணியில் நிச்சயம். அந்த வீட்டில் விஷயம் தெரிந்தால்?

மாப்பிள்ளையின் தாய் ஆண்டாளம்மாள், முட்டிவலிக்காக உத்திரமேரூரில் குண்டலினி யோகா வகுப்புக்குப் போகப் புறப்பட்டவள், சம்பந்தியையும் விடவில்லை.

"உனக்குந்தான் தூக்கமே வரலன்றியே. வா சம்பந்தி, குந்திக்கினு கண்ண மூடறதுதான். அங்க இன்னா, மாடா மேய்க்கச் சொல்றாங்க?"

மறுத்தால் ஏன் என்று கேட்பாள். சசிரேகா போனாள்.

கல்யாண மண்டபத்து மாடியில் ஜமுக்காளம் விரித்திருந்தது. பயிற்சி கொடுப்பவர் தினகரன், மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர்.

"வயிறு முட்ட நாஷ்டா துன்னுட்டு வந்தவங்க பின்னாடி குந்துங்க. உங்க கொறட்டை மத்தவங்களுக்குக் கேக்கக் கூடாது," என்று சிரிக்க வைத்துவிட்டுத் தொடங்கினார். "முதுகுத்தண்டு அடியில ஒரு சக்தி தூங்கிக்கினு கீது. புருவ மத்தியில நான் தொடுவேன். குறுகுறுன்னு இருக்கும். சில பேருக்குச் சூடு ஏறும், சில பேருக்கு உடம்பு ஆடும், அழுகை வரும். பயப்படாதீங்க."

சக்தி எழும். உடம்பு ஆடும். சசிரேகா கையைத் தூக்கினாள்.

"ஐயா, ஏறினது திரும்ப எறங்குமா?"

"ஏன் எறங்காது? அதுக்குத் தனியா பயிற்சி கீதும்மா. அடுத்த வாரம்."

அடுத்த வாரமா! அதுவரை அவளை யார் மீட்பார்கள்? எழுந்து ஓடிவிடலாம் என்றால் ஆண்டாளம்மாளின் முழங்கை அவள்மேல் உரசிக்கொண்டிருந்தது. எல்லாரும் கண்களை மூடினார்கள். காலடிச் சத்தம் நெருங்கியது. புருவ நடுவில் விரல் பட்டது.

அவ்வளவுதான். தோள் நடுங்கியது, தாடை கிட்டியது, உடம்பு முழுக்க ஆடத் தொடங்கியது. ஆண்டாளம்மாள் கண் திறந்து பார்த்தாள். வகுப்பு முடிந்து கோயிலுக்குப் போகப் பையில் வைத்திருந்த கற்பூரத்தை டிபன் மூடியில் வைத்து ஏற்றிவிட்டாள். "அம்மா, வேணாம், இது யோகா," என்று தினகரன் ஓடிவருவதற்குள் அவள் சம்பந்தியின் காலடியில் விழுந்திருந்தாள்.

"எந்த ஆத்தா வந்துகீற? சொல்லு தாயி. எம் புள்ளைக்கு இவ பொண்ணக் கட்டலாமா?"

அப்போதுதான் சசிரேகாவுக்கு ஒன்று உறைத்தது. உடம்புதான் ஆடுகிறது; புத்தி கலங்கவில்லை. கட்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாராலும் இந்தக் கல்யாணத்தைத் தடுக்க முடியாது. உதடு பிரிந்தது. ஆனால் கண்ணுக்குள் அம்மா நின்றாள். அன்று எல்லாரும் அவளைத் தாயே தாயே என்று கும்பிட்டார்கள். கோவிந்தம்மா என்று கூப்பிட ஒருவர் இல்லை. சாமியாக ஒரு சொல் சொல்லிவிட்டால், தானும் அப்படியே திரும்பி வராமல் போய்விட்டால்?

"நான் சசிரேகா, சம்பந்திம்மா," என்றாள், பல் தந்தியடிக்க. "சாமி வரல. பயத்துல ஆடிக்கினுகீறேன்."

பிறகு அழுதுகொண்டே தாயின் கதையைச் சொன்னாள். மழை, அறை, முனகல், ஜுரம் என்ற பொய், எல்லாவற்றையும். தினகரன் கொடுத்த தண்ணீரைச் சசிரேகா குடித்தாள். உடம்பு மெல்ல அடங்கியது.

இருவரும் பஸ் நிலையத்துக்கு நடந்தார்கள். ஒவ்வொரு அடியிலும் மகளின் வாழ்வு கைநழுவுவதுபோல் இருந்தது.

"இளவரசிக்கு இது தெரியுமா?" என்றாள் ஆண்டாளம்மாள்.

"தெரியாது."

"இன்னிக்கே சொல்லிடு. நாளைக்கு எங்க வூட்டுல எவ வாயாலயாவது கேட்டா அவ தாங்குவாளா? நிச்சயம் பேசினபடியே ஆவணியில நடக்கும். பொண்ணு மட்டும் தெரிஞ்சிக்கினு வரணும்."

சசிரேகா அவள் கைகளைப் பற்றிக்கொண்டாள். காவாந்தண்டலம் பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து, மகளிடம் எதிலிருந்து தொடங்குவது என்று யோசித்தாள். வீட்டில் மகள் காத்திருப்பாள். வகுப்பில் என்ன நடந்தது என்றுதான் முதலில் கேட்பாள்.