கையில் தந்த கத்தி

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பின்னாலிருக்கும் ஓர் ஒழுங்கையில் நான் குடியிருந்தபோது, பக்கத்து வீட்டில் வயதான ஒருவர் தனியாக இருந்தார். ஒல்லியான உடம்பு. கட்டியிருக்கும் சாரத்தின் கரை எப்போதும் நனைந்தே இருக்கும். காலையில் இறங்குதுறைப் பக்கம் போய் ஒரேயொரு விளைமீன் வாங்கிவந்து, கிணற்றடியில் குந்தி, கலியாண வீட்டுக்கு வெட்டுகிறவர்போல அவ்வளவு நேரம் வெட்டுவார்.

ஒருநாள் பலாக்காய் வெட்டக் கத்தி கேட்டுப் போனேன். நான் கை நீட்ட, அவர் கத்தியை நிலத்தில் வைத்தார்.

"எடுங்கோ. கையில குடுத்தா சண்டை வருமெண்டு அம்மா விடமாட்டா. இது அவவின்ர கத்தி."

தீட்டித் தீட்டி அலகு விரலகலமாகத் தேய்ந்திருந்தது. கொம்புப் பிடியில் செப்புக்கம்பி சுற்றியிருந்தது.

"நாங்கள் பிள்ளையள் ஆறு பேர். ஒருத்தரும் இதைக் கையில வாங்கினதில்லை. சண்டையும் வரேல்ல. மற்ற அஞ்சு பேரும் நல்லபடியா வெளிநாடு போயிட்டினம்," என்றார்.

மறுநாள் கத்தியைக் கழுவித் துடைத்துக் கொண்டுபோய், நிலத்தில் வைக்கக் குனிந்தேன். அவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"கையிலயே தாங்கோ."

"சண்டை வந்திடுமே, ஐயா?"

"வரட்டுமன். சண்டை பிடிக்கவெண்டாலும் நீங்கள் வருவியள்தானே?"

பகிடி விடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. பிடியை அவர் பக்கம் திருப்பிக் கையிலேயே கொடுத்தேன்.

பிறகு எனக்கு இடமாற்றம் கிடைத்து வவுனியாவுக்கு வந்துவிட்டேன். அந்தச் சண்டை இன்னும் வரவில்லை.