உடுவிலில் ஒரு மாமா

போன கிழமை ஒரு கூட்டத்தில் இளைஞர் ஒருவர் தன் முகவரி அட்டையை என் கையில் வைத்து, "தொடர்பிலை இருப்பம்" என்றுவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். அட்டையில் புது மை மணந்தது. மை மணந்தால் எனக்கு, கடிதங்களைப் படியெடுக்கும் பழைய ரோனியோ இயந்திரம் நினைவுக்கு வரும். அதோடு, எண்பதுகளின் நடுவில் நான் தற்காலிக லிகிதராக, அதாவது எழுத்தராக, வேலை பார்த்த அரசாங்கக் கந்தோரும் வந்துவிடும்.

என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பது அளவெட்டிக்காரரான தலைமை லிகிதரின் கையில் இருந்தது. ஒருநாள் அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்துக் கேட்டார்: "தம்பி ஆற்றை மோன்?"

யாருடைய மகன் என்ற அந்தக் கேள்விக்குள் ஊர், சாதி என்று இன்னும் என்னென்ன கேள்விகள் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் கண்டவன் நான் ஒருவன்தான். அப்பா மற்றவர்களின் தோட்டத்தில் வெங்காயம் கிண்டுகிறவர். என் வாய் தன்பாட்டில், "உடுவில் ஸ்ரேசன் மாஸ்டர் எனக்கு மாமா முறை, ஐயா" என்றது. ரயில்வேயில் ஓய்வுபெற்ற அந்த மாஸ்டரின் வாசல் படலையடியில் ஒருதரம் வெங்காயம் இறக்கியிருக்கிறேன். எங்கள் உறவு அவ்வளவுதான்.

"அட, அவர் எனக்கு நல்ல பழக்கம். ஞாயிற்றுக்கிழமை அங்கை போறன், நீரும் வாரும்."

சனி காலையே சைக்கிளை உழக்கிப் போய் மாஸ்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் பேப்பரை மடித்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார்.

"இஞ்சரும், உமக்கொரு மருமோன் வந்திருக்கிறார்."

அவர் மனைவி அகப்பையோடு வந்து, கதையைக் கேட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார். "இருந்து சாப்பிடச் சொல்லுங்கோ. இந்த வீட்டுக் கறி உறைக்குமெண்டு தெரியாதவன் என்ன மருமோன்? நாளைக்குப் பிடிபட்டிடுவான்."

வேறு பாத்திரம் தேடாமல், தாங்கள் சாப்பிடும் தட்டிலேயே எனக்கும் சோறு போட்டார். கண்ணில் வந்த நீருக்கு உறைப்பைத்தான் காரணமாகச் சொன்னேன்.

மறுநாள் தலைமை லிகிதர் வந்தபோது எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவர்களுடைய நாய் மட்டும் என்னை விடாமல் குரைத்தது. "உவன் இஞ்சை வந்து கனநாள், நாய்க்கு மறந்துபோச்சு" என்று மாமா சமாளித்தார்.

வேலை நிரந்தரமானது. அதன் பிறகு நான் அங்கே போயிருக்கத் தேவையில்லை. ஆனால் அடுத்த ஞாயிறும் போனேன். மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டுக் காலத்தில் மாமிக்காக வரிசையில் நின்றேன். மாமா காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் இருந்தேன். நாயும் குரைப்பதை விட்டது.

தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரே இடம்பெயர்ந்தபோது கொடிகாமத்துக்கு மூவரும் சேர்ந்துதான் நடந்தோம். சந்தையடியில் அவர்களை இருத்திவிட்டுத் தண்ணீர் தேடிப் போனேன். திரும்பி வந்தபோது அந்த இடத்தில் வேறு சனம் இருந்தது.

பிறகு, காணாமல் போனவர்களைத் தேடும் ஒரு அலுவலகத்தில் படிவம் நிரப்பினேன். அங்கிருந்த பெண் கேட்டார்: "சொந்த மாமாவோ?"

"ஓம்" என்றேன்.

இன்றுவரை பதில் இல்லை. உடுவிலில் வீடு நின்ற காணியில் இப்போது கிணறு மட்டும் இருக்கிறது.