அப்பாவின் வரிக்குக் கீழே இரண்டு கோடு

ஒரே சொல்லை இரண்டு தடவை எழுத எல்லா மொழிக்காரனுக்கும் சோம்பல்தான். மலாயில் ‘ஓராங்’ என்று எழுதிப் பக்கத்தில் 2 போட்டால் ‘ஓராங் ஓராங்’, ஆட்கள். ஈப்போவில் சீனக் கடைக்காரர் அதே எழுத்தை மறுபடி எழுதாமல் சின்னதாக ஒரு சுழி சுழிப்பார். தமிழில் ‘மேற்படி’க்கென்றே ஒரு குறி இருக்கிறது. இங்கிலீஷில் ‘மேலே உள்ளதேதான்’ என்பதற்கு இரண்டு குட்டிக் கோடு. என்னை மாட்டிவைத்தது அந்த இங்கிலீஷ் கோடு.

எழுபதுகளின் கடைசி. அப்பாவுக்குக் கண்ணில் புரை. இனிமேல் தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்க முடியாது, அந்த வாரத்தோடு நிற்கச் சொல்லிவிட்டார்கள். அம்மா கன்ட்ராக்ட்டில் புல் வெட்டினார். கன்ட்ராக்ட் ஆளுக்குத் தோட்டத்தில் வீடு கிடையாது; எங்கள் வீடு அப்பாவின் வேலைக்குக் கொடுத்தது. எனக்கு ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் சட்டை தைக்கும் ஃபேக்டரியில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேரவேண்டும்.

சனிக்கிழமை வெட்டிய ரப்பர் பாலைக் கொட்டகையில் ஊற்றிவிட்டு வந்த பக்கத்து வீட்டு அக்கா வாசலிலேயே சிரித்தார்.

“என்னா ஃபேக்டரி மேடம், கத்தி தீட்டியாச்சா லா? ஆபீஸ் போர்டுல ஒன் பேரு இருக்கு, போய்ப் பாரு.”

ஓடினேன். கரும்பலகையில் அப்பா பெயர், பக்கத்தில் மரம் வெட்டு, நிரை எண். அதற்குக் கீழே என் பெயர். பக்கத்தில் இரண்டு கோடு, மறுபடி இரண்டு கோடு. அவ்வளவுதான். எனக்கென்று ஒரு சொல்கூட எழுதவில்லை.

“யாரக் கேட்டு எழுதுனீங்க, ஐயா?” என்றேன் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம்.

“ஒங்கம்மா வந்து கேட்டாங்க. அப்பன் வெட்டுன அதே மரந்தானே புள்ள, புதுசா என்னத்த எழுத?”

“எனக்கு வேணாம். அழிச்சிடுங்க.”

அவர் கோபப்படவில்லை. டஸ்டரை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“நீயே அழி. அழிச்சிட்டு வீட்டுச் சாவியக் கொண்டாந்து குடு.”

பலகை முன்னால் நின்றேன். பின்னாலேயே அம்மா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

“கொஞ்ச நாளைக்குத்தாம்மா. அப்பாவுக்குக் கண்ணு ஆப்ரேஷன் ஆகட்டும், அப்புறம் போலாம். இப்ப வீட்ட விட்டா அவர எங்க கொண்டு வைக்கிறது? ஒன் ஃபேக்டரிக்காரன் வீடு குடுப்பானா?”

கொடுக்கமாட்டான். எனக்கும் தெரியும். அம்மாவைத் திட்ட வாயில் வந்ததையெல்லாம் விழுங்கினேன். டஸ்டரை மேசைமேல் எறிந்தேன். சாக்கட்டித் தூள் கிராணியின் சட்டையெல்லாம் விழுந்தது. அந்த ஒன்றுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த திருப்தி.

திங்கட்கிழமை இருட்டோடு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்றேன். ஆப்ரேஷன் ஆகியும் அப்பாவுக்குப் பார்வை சரியாகத் திரும்பவில்லை. அம்மாவின் ‘அப்புறம்’ வரவே இல்லை. வருஷக்கணக்கில் வெட்டினேன்.

எண்பதுகளின் கடைசியில் தோட்டத்தை வீட்டுமனைக்கு விற்றார்கள். காலி பண்ண ஒரு மாதம் தந்தார்கள். நான் ஜெலாப்பாங்குக்குப் போய்க் கேட்டேன். சின்ன வயசுப் பெண்களைத்தான் எடுப்போம் என்றார்கள்.